சந்தாவும் கப்பமும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் பிரிவினர், இளைஞர் பிரிவினர் ஆகியோருக்கான கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் இளைஞர்கள் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "இத்தனை வருஷமாகச் சங்கம் வைத்து, மகஜர் எழுதி, பேச்சுவார்த்தை பேசி என்ன கண்டோம்? கம்பனிக்காரன் பயந்தால்தான் கொடுப்பான். பயமுறுத்தத் தெரிந்த ஓர் இயக்கம் இருந்தால் ஒரே மாதத்தில் கதை முடிந்துவிடும்." இந்தக் கேள்வி கோபத்தில் வருகிறது. கோபத்துக்குக் காரணமும் இருக்கிறது. அதனால் அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது, பதில் சொல்ல வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

நம் நாட்டுக் கதையை எடுத்துப் பேசலாம். ஆனால் 1986 என்று ஒருவர் தொடங்குவார், 2004 என்று இன்னொருவர் சொல்வார், 2009 என்றதும் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். ஆளுக்கொரு காயம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட பிள்ளையைப் பார்க்கச் சிறை வாசலில் நின்ற தாய்மார் மலையகத்திலும் உண்டு. காயத்தை வைத்துக்கொண்டு பாடம் படிப்பது கஷ்டம். ஆகவே தூரத்துக் கதை ஒன்றைச் சொல்கிறேன். தூரம் என்றாலும் அதுவும் தேயிலை மண். இந்தியாவின் அசாம் மாநிலத்தில் 'உல்பா' என்ற ஆயுத இயக்கம் எழுந்த கதை, வளர்ந்த கதை, துண்டு துண்டாகச் சிதறிய கதை. அசாம் ஐக்கிய விடுதலை முன்னணி என்பது அதன் முழுப் பெயர்.

தேயிலையும் எண்ணெயும்

அசாம் இந்தியாவின் வடகிழக்கில் இருக்கிறது. பிரம்மபுத்திரா என்ற பெரிய ஆறு அதன் குறுக்கே ஓடுகிறது. இந்தியத் தேயிலையில் பாதிக்கு மேல் அங்கேதான் விளைகிறது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை போட்டபோது, அசாமில் முதல் தேயிலைக் கம்பனி தொடங்கி 28 வருஷமாகிவிட்டது.

அந்தத் தோட்டங்களுக்கும் ஆள் வெளியிலிருந்துதான் வந்தது. நம் பாட்டன் பூட்டன்மாரைப் பெரியகங்காணி கூட்டிவந்த மாதிரி, அங்கே 'அர்காட்டி' என்ற ஆள்பிடிகாரர் சோட்டா நாக்பூர்ப் பக்கத்துச் சந்தால், முண்டா, ஒராவோன் மக்களை ஆசை காட்டி அனுப்பினார்கள். அதே லயம், அதே கொழுந்துக் கூடை, அதே துரை. 1921இல் சர்கோலாப் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் "ஊருக்கே போகிறோம்" என்று பெண்டு பிள்ளைகளோடு நடந்தே வெளியேறினார்கள். சாந்துப்பூர் ரயில் நிலையத்தில் தங்கியிருந்தவர்களை இரவில் கூர்க்காச் சிப்பாய்கள் அடித்து விரட்டினார்கள். முல்லோயாக் கோவிந்தனின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதாக இருக்காது.

இவர்கள் தோட்டத்துக்குள்ளே இருந்தவர்கள். வெளியே, கிராமத்தில், அசாமிய மொழி பேசும் விவசாயிகள் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு மனக்குறை இருந்தது. தேயிலை நம் மண்ணில் விளைகிறது. கம்பனித் தலைமையகமும் ஏலமும் கல்கத்தாவில். குவாஹாத்தியில் ஏல நிலையம் வந்ததே 1970இல்தான். எண்ணெயும் அப்படியே. டிக்பாயில் 1901இலேயே சுத்திகரிப்பு ஆலை வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு புதிதாகக் கிடைத்த எண்ணெயைக் குழாய் போட்டு பீகாரில் பரௌனிக்குக் கொண்டு போனார்கள். "விளைவது எங்களிடம், இலாபம் வேறெங்கோ" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு நடந்தது. கொழும்பு ஏலத்தில் கிலோ என்ன விலை போகிறது, நம் கைக்கு என்ன வருகிறது என்று கணக்குப் பார்க்கிற நமக்கு அந்தக் கோபம் புரியும்.

1979இல் வேறொரு நெருப்பும் பற்றியது. மங்கள்தோய் இடைத்தேர்தலுக்கான வாக்காளர் இடாப்பில் வெளிநாட்டார் பெயர் நிறைய இருக்கிறது என்று மாணவர் சங்கம் கிளம்பியது. ஆறு வருஷப் போராட்டம். 1983 பெப்ரவரி 18இல் நெல்லி என்ற இடத்தைச் சுற்றிய கிராமங்களில், கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் விவசாயக் குடும்பங்களை ஒரே நாளில் கொன்று குவித்தார்கள். அரசாங்கக் கணக்கிலேயே 1,800 பேருக்கு மேல். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். டில்லியைப் பார்த்துத் தொடங்கிய கோபம் பக்கத்து வயல்காரன் தலையில் விழுந்தது. 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். "இவன் இந்த மண்ணுக்குரியவனா?" என்று இடாப்பைத் தூக்கிக்கொண்டு வரும்போது அடுத்து என்ன வரும் என்பதை நாம் அறிவோம்.

இயக்கம் பிறக்கிறது

1979 ஏப்ரல் 7ஆம் திகதி சிவசாகரில், பழைய அகோம் அரசர்கள் விளையாட்டுப் பார்ப்பதற்குக் கட்டிய 'ரங்கர்' என்ற மண்டபத்தடியில் சில இளைஞர்கள் கூடி உல்பாவைத் தொடங்கினார்கள். அரபிந்த ராஜ்கோவா, பரேஷ் பருவா, அனூப் சேத்தியா, பிரதீப் கோகாய், பீமகாந்த புராகோஹாயின் என்பவை அந்தத் தலைமுறையின் பெயர்கள். 1826இல் பர்மியரோடு செய்த யாண்டபோ ஒப்பந்தத்தால்தான் வெள்ளைக்காரன் அசாமைப் பிடித்தான், அதற்கு முன் நாங்கள் தனி நாடு, ஆகவே மீண்டும் தனி நாடு வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

முதலில் அவர்களை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1985 ஓகஸ்ட் 15இல் மாணவர் இயக்கம் டில்லியோடு ஒப்பந்தம் செய்தது. அந்த வருஷ முடிவிலேயே மாணவர் தலைவர்கள் கட்சி கட்டி, தேர்தலில் வென்று, மந்திரிகளானார்கள். ஒப்பந்தத்தில் எழுதியது நடக்கவில்லை. நேற்றுவரை தெருவில் நின்ற தம்பிமார் இன்று காரில் போகிறார்கள் என்ற ஏமாற்றம் கிராமத்தில் பரவியது. உல்பா வளர்ந்தது அந்த ஏமாற்றத்தில்தான். பையன்கள் பர்மாவில் கச்சின் போராளிகளிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினார்கள். லஞ்சம் வாங்கிய அதிகாரியைக் கண்டித்தார்கள், சாராயக் கடையை மூடினார்கள், கிராமத்துக்குப் பாதை போட்டார்கள். "எங்கள் பையன்கள்" என்று சனம் சோறு போட்டது. இதை மறைக்கக் கூடாது. இயக்கங்களைச் சனம் முட்டாள்தனமாக நம்புவதில்லை. வேறு எவரும் எட்டிப் பார்க்காத இடத்துக்கு அவர்கள் வருகிறார்கள், அதனால் நம்புகிறது.

பணம் எங்கிருந்து வந்தது?

இயக்கம் வளர்ந்தால் துப்பாக்கி வேண்டும். துப்பாக்கிக்குப் பணம் வேண்டும். அசாமில் பணம் இருந்த இடம் தேயிலைத் தோட்டம். கம்பனிகளுக்குக் கடிதம் போனது: இத்தனை இலட்சம் கொடு. நம் பேச்சில் கப்பம். பல கம்பனிகள் சத்தம் போடாமல் கொடுத்தன.

1990 ஏப்ரலில் சுரேந்திர பால் என்ற தேயிலைக் கம்பனி அதிபர் சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தோடு தோட்டத் துரைமார் நடுங்கிப் போனார்கள். அந்த நவம்பரில் டூம்டூமாப் பகுதியில் தோட்டங்கள் வைத்திருந்த யூனிலீவர் குழுமக் கம்பனியின் அதிகாரிகளையும் அவர்கள் குடும்பங்களையும் இரகசியமாக விமானத்தில் ஏற்றி வெளியே கொண்டு போனார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆபத்து வந்தபோது துரைக்கும் துரைசானிக்கும் பிள்ளைகளுக்கும் விமானத்தில் இடம் இருந்தது. கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த விமானம் வரவில்லை. அடுத்த நாள் இராணுவம் வந்தாலும் இயக்கம் வந்தாலும் லயத்து வாசலில் அவர்கள்தான் நிற்க வேண்டும்.

1997இல் இன்னொரு செய்தி நாட்டையே உலுக்கியது. இயக்கத்தின் பெண் தலைவர் ஒருவர் மும்பாயில் வைத்தியம் பார்த்துத் திரும்பும்போது பிடிபட்டார். செலவை டாட்டா டீ கம்பனி கொடுத்தது என்று பொலிஸ் குற்றஞ்சாட்டியது. அசாம் மக்களுக்கான மருத்துவ உதவித் திட்டத்தின் கீழ் நடந்த விஷயம் என்று கம்பனி சொன்னது. வழக்கின் நியாயத்துக்குள் நான் போகவில்லை. நான் கேட்பது சின்னக் கேள்வி: அதே காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவ வலியோடு கிடந்த ஒரு முண்டாப் பெண்ணை மும்பாய்க்கு அனுப்பி வைத்தியம் பார்க்க யாராவது இருந்தார்களா?

கம்பனிகள் இரண்டு பக்கமும் செலவு செய்தன. ஒரு கையால் கப்பம். மறு கையால், தோட்டக் காவலுக்கென்று 1990களில் தனிப் படை. இரண்டும் கம்பனிக் கணக்கில் செலவுதான். கம்பனி எந்தச் செலவையும் தன் சட்டைப் பையிலிருந்து கொடுப்பதில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. சம்பளப் பேச்சுவார்த்தையில் "உற்பத்திச் செலவு கூடிவிட்டது" என்று நீட்டுகிற காகிதத்தில் எல்லாம் சேர்ந்துதான் வரும்.

இங்கேதான் இளைஞர்களின் கேள்விக்கு முதல் பதில் இருக்கிறது. அசாமில் கம்பனிகள் உண்மையிலேயே பயந்தன. பயந்து கொடுத்தன. யாருக்குக் கொடுத்தன? பயமுறுத்தியவனுக்குக் கொடுத்தன. தொழிலாளிக்கு அல்ல. இயக்கம் பேரோடும் பலத்தோடும் இருந்த காலம் முழுவதும் கூலி உயர்ந்ததெல்லாம் சங்கமும் தோட்டச் சொந்தக்காரர் சங்கங்களும் போட்ட ஒப்பந்தத்தால்தான். அதுவும் எவ்வளவு? பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில் 2014இல் ஒரு நாளைக்கு 94 இந்திய ரூபா. 2023 ஒக்டோபரில்தான் 250 ஆனது. அங்குள்ள பெரிய தொழிற்சங்கம் நீண்ட காலம் ஆண்ட கட்சியின் நிழலில் இருந்தது என்ற குறையும் சேர்ந்தே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சிதறல்

1990 நவம்பர் இறுதியில் டில்லி, மாநில ஆட்சியைக் கலைத்து ஜனாதிபதி ஆட்சியைக் கொண்டு வந்தது. உல்பா தடை செய்யப்பட்டது. 'ஒப்பரேஷன் பஜ்ரங்' என்ற பெயரில் இராணுவம் இறங்கியது. கிராமங்களில் அடி, சித்திரவதை, காணாமற்போதல் என்ற முறைப்பாடுகள் எழுந்தன. அதே நாட்களில் லக்கிபத்தார்க் காட்டில் இயக்கத்தின் பழைய முகாமில் புதைகுழிகள் தோண்டப்பட்டன. இயக்கம் கொண்டுபோனவர்களின் உடல்கள் அங்கே கிடந்தன. பாதை போட்ட பையன்கள் குழியும் தோண்டியிருக்கிறார்கள் என்று சனம் அறிந்தது அன்றுதான்.

1991 செப்டெம்பரில் அடுத்த இராணுவ நடவடிக்கை. 1992 தொடக்கத்தில் தலைவர்கள் சிலர் டில்லி சென்று பிரதமர் நரசிம்மராவைச் சந்தித்தார்கள். பேசலாம் என்றவர்கள் ஒரு பக்கம், தனிநாட்டைத் தவிர வேறு பேச்சில்லை என்ற பரேஷ் பருவா மறு பக்கம். இயக்கம் பிளந்தது. ஒரு பெரும் கூட்டம் சரணடைந்தது. அவர்களுக்கு 'சுல்பா', அதாவது சரணடைந்த உல்பா என்று பெயர் வந்தது. அரசு வங்கிக் கடன் கொடுத்தது. பாதுகாப்புக்கு என்று சொல்லி ஆயுதத்தையும் பலர் கையிலேயே விட்டது. நிலக்கரி, மீன், லொறி என்று ஒவ்வொரு வியாபாரத்திலும் அவர்கள் கை நீண்டது. கப்பம் வாங்கிய கை இப்போது கொந்தராத்து வாங்கியது. சனத்துக்கு என்ன வித்தியாசம்?

1998 தொடக்கம் 2001 வரை இன்னும் கொடிய காலம். இயக்கத்தில் மிச்சமிருந்தவர்களின் அண்ணன், தம்பி, மச்சான் என்று குடும்பத்தாரை முகமூடி போட்டவர்கள் இரவில் வந்து கொன்றார்கள். அசாமில் இன்றும் அதை 'இரகசியக் கொலைகள்' என்றுதான் சொல்கிறார்கள். பின்னர் அமைந்த விசாரணைக் கமிஷன் சுல்பாக்காரரின் பங்கைச் சுட்டிக்காட்டியது. அந்தக் கமிஷனை அமைத்த முறையே செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2018இல் தீர்த்தது. ஒரே தட்டில் சோறு தின்றவர்கள் ஒருவர் வீட்டுக் கதவை ஒருவர் இரவில் தட்டிய கதை இது. நம் நாட்டில் பெயர் சொல்லாமலே இது உங்களுக்கு விளங்கும்.

இதற்கிடையில் தலைவர்கள் பங்களாதேஷில் தங்கியிருந்தார்கள். பையன்கள் பூட்டான் காட்டு முகாம்களில் இருந்தார்கள். 2003 டிசம்பர் 15இல் பூட்டான் இராணுவம் அந்த முகாம்களைத் தாக்கி அழித்தது. காட்டில் மாட்டிக்கொண்டவர்கள் பையன்கள். மூத்தவரான பீமகாந்த புராகோஹாயின் அங்கேதான் பிடிபட்டார். 2008 ஜூனில் இயக்கத்தின் பலமான 28ஆவது பட்டாலியனின் இரண்டு பிரிவுகள் தாமாகவே போர்நிறுத்தம் அறிவித்தன. 2009 கடைசியில் பங்களாதேஷின் புதிய அரசு ராஜ்கோவா முதலானோர் இந்தியாவின் கைக்கு வர வழிவிட்டது. சிறையிலிருந்து வெளிவந்த ராஜ்கோவா 2011இல் பேச்சுக்கு இணங்கினார். பரேஷ் பருவா அதை ஏற்காமல் தனியே நின்று, 2013இல் தன் பிரிவுக்கு 'உல்பா சுதந்திரம்' என்று பெயர் வைத்தார். 2023 டிசம்பர் 29இல் ராஜ்கோவா பிரிவு டில்லியில் ஒப்பந்தம் எழுதியது. அடுத்த மாதமே தன்னைக் கலைத்துக்கொண்டது. மற்றப் பிரிவு மியன்மார் எல்லையில் இன்னும் இருக்கிறது. 1979இலிருந்து 2024 வரை 45 வருஷம். தனிநாடு கிடைக்கவில்லை. எண்ணெயும் தேயிலையும் போகிற வழியும் மாறவில்லை.

யார் செத்தார்கள்?

செத்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் இயக்கம் யாரை எதிர்த்துத் தொடங்கியதோ அவர்கள் குறைவு.

சஞ்சோய் கோஷ் என்ற சமூக ஊழியர் மாஜுலித் தீவில் கிராம மக்களின் சிரமதானத்தால் ஆற்றங்கரையைக் காத்துக் காட்டினார். கொந்தராத்துக்காரருக்கு அது பிடிக்கவில்லை. 1997 ஜூலையில் உல்பா அவரைக் கடத்தியது. அவர் திரும்பி வரவில்லை.

2004 ஓகஸ்ட் 15இல் தேமாஜி என்ற ஊரில் சுதந்திர தின விழா மைதானத்தில் குண்டு வெடித்தது. அணிவகுப்புக்கு வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தாய்மாரும் உட்பட பத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இயக்கம் முதலில் மறுத்தது. பிறகு சில வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்டது. நான் வாத்தியார். வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புப் போட்டு வரிசையில் நிறுத்துகிறவன். இதற்கு மேல் இதைப் பற்றி என்னால் பேச முடியாது.

2007 ஜனவரியில் பீகாரிலிருந்து வந்து செங்கற் சூளையில் வேலை செய்தவர்கள், மீன் விற்றவர்கள் என்று இந்தி பேசும் ஏழைகள் 60 பேருக்கு மேல் சில நாட்களுக்குள் கொல்லப்பட்டார்கள். அவர்களும் நம்மைப் போல் வேலை தேடிப் போன இடத்தில் இருந்தவர்கள். பரௌனிக்கு எண்ணெய் கொண்டுபோனது அவர்கள் அல்ல.

தோட்டத்து மக்கள் நிலை என்ன? முண்டாவும் சந்தாலும் ஒராவோனும் ஜார்க்கண்டில் பழங்குடி என்று சட்டப்படி அங்கீகாரம் பெற்றவர்கள். அசாமுக்கு வந்த அதே இனத்துக்கு அந்த அங்கீகாரம் கொடுக்கப்படவில்லை. அதைக் கேட்டு 2007 நவம்பர் 24இல் குவாஹாத்தியில் ஊர்வலம் போனபோது, பெல்தோலாவில் கடையடிப்புத் தகராறாகத் தொடங்கி, அகப்பட்ட தோட்டத்து மக்களைத் தெருவில் அடித்தார்கள். ஓர் இளம் பெண்ணின் உடையைக் கிழித்து ஓட ஓட விரட்டினார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் உழைத்தவர்களை நகரம் அந்நியராகத்தான் பார்த்தது. அசாமின் விடுதலையைப் பற்றி எத்தனையோ அறிக்கை வந்திருக்கிறது. கொழுந்து பறிக்கிறவளின் விடுதலை எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

எந்த அமைப்பு நம்மிடம் வந்து "உங்களுக்காகத்தான்" என்று சொன்னாலும் மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் காசு எங்கிருந்து வருகிறது? அந்தக் காசுக்கு யார் கணக்குக் கேட்க முடியும்? பிடிக்காவிட்டால் நான் உயிரோடு விலகிப் போக முடியுமா?

உல்பாவின் காசு கப்பத்தில் வந்தது. கப்பம் கொடுத்தவன் கணக்குக் கேட்க மாட்டான். உயிருக்குப் பயந்தவன் ரசீது கேட்பானா? சோறு போட்ட சனமும் கணக்குக் கேட்க முடியாது. அவர்கள் அங்கத்தவர் அல்ல. தலைவரை மாற்ற வருடாந்தக் கூட்டம் கிடையாது. கருத்து வேறுபாடு வந்தால் கை தூக்கித் தீர்க்கிற இடமே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு வேறுபாடும் பிளவாகிறது, ஒவ்வொரு பிளவும் கொலையில் முடிகிறது.

சங்கமும் உடையும். நம்மைவிட அதிகமாக உடைந்த சங்கம் எங்கே இருக்கிறது? 1956இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிளந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் வந்தது. அதற்குப் பிறகு வந்த சங்கங்களை எண்ணக் கை விரல் போதாது. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு சங்கம், தம்பி ஒரு சங்கம். கைகலப்பு நடந்திருக்கிறது, பொலிஸ் வரை போயிருக்கிறது. அதெல்லாம் வெட்கப்பட வேண்டிய விஷயம். கம்பனிக்கு அது இலாபம். ஆனாலும் ஒரு கதவு திறந்தே இருந்தது. பிடிக்காதவன் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்து வேறு சங்கத்துக்குச் சந்தாவை மாற்றலாம். ஆறு மாதம் கழித்துத் திரும்பியும் வரலாம். சம்பளப் போராட்டம் என்று வந்தால் எல்லோரும் ஒரே பிரட்டுக்களத்தில் நிற்கலாம். சந்தாவில் வாழ்கிற அமைப்பு அங்கத்தவனுக்குப் பயப்பட வேண்டும். கப்பத்தில் வாழ்கிற அமைப்புக்கு அங்கத்தவன் பயப்பட வேண்டும். வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் ஆயிரக்கணக்கான உயிர் அந்த வேறுபாட்டில் தொங்குகிறது.

இதைச் சொல்லிவிட்டு நம் முதுகை நாமே தட்டிக்கொள்ள முடியாது. சந்தா சம்பளத்தில் தானாகக் கழியும்போது, கையில் எடுத்துக் கொடுக்காத காசு என்பதால் அது நம் காசு என்ற எண்ணம் மங்கிவிடுகிறது. தலைவர்மாரும் மறந்துவிடுகிறார்கள். சங்கத்தின் பலம் மந்திரிப் பதவியிலிருந்து வருகிறது, கட்சிக் காசிலிருந்து வருகிறது என்று ஆனால், சந்தா கொடுக்கிற அக்காவின் குரலுக்கு மதிப்பில்லை. அசாமில் பெரிய சங்கம் கட்சியின் நிழலில் நின்றபோது 94 ரூபாவில் கூலி நின்றதை மறக்காதீர்கள். சங்கம் தூங்கினால் அந்த வெற்றிடத்தில்தான் துப்பாக்கிக்காரனின் பேச்சு இளைஞர் காதில் இனிக்கும். அந்தப் பேச்சைத் தடுக்கப் பொலிஸ் தேவையில்லை. விழித்திருக்கிற சங்கம் போதும்.

ஆகவே இந்த வகுப்பிலிருந்து போகும்போது மூன்று வேலை கொண்டு போங்கள். தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக் கணக்கைப் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தோட்டக் கமிட்டியில் வாசிக்கச் சொல்லுங்கள். நம் சங்கத்திலிருந்தே தொடங்குங்கள். தலைவர் முகம் சுளித்தால் இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டாவது, மலையில் கொழுந்து எடுப்பது பெரும்பாலும் பெண்கள். அந்தச் சந்தாவில் பெரும்பங்கு அவர்கள் காசு. கமிட்டியில் தேநீர் ஊற்ற மட்டும் அவர்களைக் கூப்பிடாதீர்கள். பொருளாளராக வையுங்கள். மூன்றாவது, கொழும்புக் கடைகளில் வேலை செய்துவிட்டுப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருகிற தம்பிமாரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அவர்கள் கோபத்தைப் பேச விடுங்கள். இடையில் மறித்துப் புத்தி சொல்லாமல் கடைசிவரை கேளுங்கள். அசாமில் 1979இல் அந்தப் பையன்கள் பேசியதை யாராவது அப்படி உட்கார்ந்து கேட்டிருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டம் எந்தத் தோட்டத்தில் எந்தத் திகதியில் என்று செயலாளர் இப்போது வாசிப்பார். குறித்துக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகமும் அங்கே வரும்.